வெயில் காய, மீட்டர் ஓட

காரைக்குடியில் எங்கள் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில் சூரிய வெந்நீர் அமைப்பு முன்பே இருந்தது. ஐப்பசி மழையில் அது கைவிரித்துவிடும் என்பதால் ஹீட் பம்ப் சேர்த்தோம். காற்றின் வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குத் தருவதால், கெய்சருக்கு ஆகும் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே போதும். ஆனாலும் பில் குறையவில்லை. காலைக் குளியல் முடிந்ததுமே பம்ப் ஓடித் தொட்டி முழுவதையும் 55 டிகிரிக்கு ஏற்றிவிடும்; பிறகு செட்டிநாட்டு உச்சி வெயிலுக்கு அங்கே என்ன வேலை? பொருத்தியவர், தண்ணீரின் சூட்டைப் பார்த்துப் பம்பை ஓடவைக்கும் சென்சாரைத் தொட்டியின் அடியில், பச்சைத் தண்ணீர் நுழையும் இடத்திலேயே செருகியிருந்தார். அதை மேல்பாகத்துக்கு மாற்றி, மாலை 4 மணிக்கு முன் பம்ப் ஓடாதபடி டைமர் வைத்தேன். இப்போது வெயில் நாள்களில் அது பெரும்பாலும் ஓடுவதே இல்லை. கீழ்வீட்டு ஆச்சிக்கு மட்டும் இன்னும் சூடு போதவில்லையாம். அவர் வீட்டுக்கு இறங்கும் குழாய்க்கு வெப்பம் கசியாத உறை சுற்ற வேண்டும்.