மருத்துவ ஆய்வுக் கட்டுரைக்கு ரெஃபரன்ஸ் எழுதுவது எப்படி: வான்கூவர் முறை, முதலிலிருந்து

ரெஃபரன்ஸ் பட்டியலில் இரண்டு வகைப் பிழைகள் வரும். காற்புள்ளி, அடைப்புக்குறி போன்ற வடிவப் பிழையை இதழின் அலுவலகமே திருத்திவிடும், அல்லது திருத்தி அனுப்பச் சொல்லும். ஆண்டு, பக்க எண், ஆசிரியர் பெயர் போன்ற தகவல் பிழை அப்படியே அச்சேறிவிடும். கவனத்தில் முக்கால் பங்கை இரண்டாவதற்கு வையுங்கள்.

பெரும்பாலான மருத்துவ இதழ்கள் கேட்பது வான்கூவர் முறை. 1978இல் கனடாவின் வான்கூவரில் பொது மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் கூடிப் பேசியதால் வந்த பெயர் இது. அந்தக் குழுதான் பின்னாளில் ஐசிஎம்ஜேஇ என்ற சர்வதேச மருத்துவ இதழாசிரியர்கள் குழு ஆனது. ரெஃபரன்ஸ் வடிவத்தின் நுணுக்கங்களை வகுத்தது அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம். கட்டுரையில் எண், கடைசியில் எண்வாரியான பட்டியல்: முறையின் சாரம் இவ்வளவே.

படி 1: இதழின் விதியைப் பாருங்கள்

எல்லாரும் வான்கூவர் என்றாலும் ஆளுக்கொரு வழக்கம். எண் மேலெழுத்தாக வர வேண்டுமா, சதுர அடைப்புக்குள்ளா? எத்தனை ஆசிரியர் பெயர்களுக்குப் பிறகு 'எட் ஆல்' (மற்றும் பிறர்) போடலாம்? மொத்தம் எத்தனை ரெஃபரன்ஸ் அனுமதி? இந்த மூன்றையும் ஆசிரியர்களுக்கான வழிகாட்டிப் பக்கத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நூலகத்தின் பொது மாதிரி, ஆறு பேருக்கு மேல் இருந்தால் முதல் ஆறு பெயர்களைப் போட்டு எட் ஆல் சேர்க்கிறது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழான ஜாமா, அப்போது முதல் மூன்று பெயர்களோடு நிறுத்திவிடும். வழிகாட்டி குழப்பமாக இருந்தால் அந்த இதழில் அண்மையில் வந்த கட்டுரை ஒன்றை எடுத்துப் பாருங்கள். விதியைவிட அச்சான பக்கம் தெளிவாகச் சொல்லும்.

படி 2: ஒரு ரெஃபரன்ஸைப் பிரித்துப் பாருங்கள்

ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற இரைப்பைக் கிருமி பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை எடுத்துக்கொள்வோம். வடிவம் புரிவதற்காகத் தமிழ் எழுத்தில்:

மார்ஷல் பிஜே, வாரன் ஜேஆர். அன்ஐடென்டிஃபைடு கர்வ்டு பேசிலை இன் த ஸ்டமக் ஆஃப் பேஷன்ட்ஸ் வித் கேஸ்ட்ரைட்டிஸ் அண்ட் பெப்டிக் அல்சரேஷன். லான்செட். 1984;1(8390):1311-5.

முதலில் குடும்பப் பெயர், ஓர் இடைவெளி, பிறகு இனிஷியல்கள். இனிஷியல்களுக்கு நடுவே புள்ளியும் இல்லை, இடைவெளியும் இல்லை. ஆசிரியர்களைக் காற்புள்ளி பிரிக்கும், 'அண்ட்' வராது. தலைப்பில் முதல் எழுத்துக்கும் சிறப்புப் பெயர்களுக்கும் மட்டுமே பெரிய எழுத்து. ஆண்டுக்குப் பின் அரைப்புள்ளி, தொகுதி எண், அடைப்புக்குள் வெளியீட்டு எண், முக்காற்புள்ளி, பக்கங்கள். இவற்றுக்கு நடுவே எங்கும் இடைவெளி கிடையாது. 1311 முதல் 1315 வரை என்பது 1311-5 எனச் சுருங்கும். ஜாமா போன்ற சில இதழ்களில் 1311-1315 என்று முழுதாக எழுத வேண்டும்.

இதழ்ப் பெயரை நீங்களாகச் சுருக்காதீர்கள். தேசிய மருத்துவ நூலகத்தின் என்எல்எம் கேட்டலாக்கில் தேடினால் அதிகாரபூர்வச் சுருக்கம் கிடைக்கும். இண்டியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச் என்பது 'இண்டியன் ஜே மெட் ரெஸ்' ஆகும். லான்செட், நேச்சர் போன்ற ஒற்றைச் சொல் பெயர்கள் சுருங்காது.

நம் பெயர்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 'ஆர். முருகன்' என்று அச்சானவர் 'முருகன் ஆர்' ஆவார். அவரே இன்னொரு கட்டுரையில் 'முருகன் ராமசாமி' என்று தந்தை பெயரைப் பின்னால் போட்டிருந்தால், தரவுத்தளம் அவரை 'ராமசாமி எம்' ஆக்கிவிடும். நமக்கு இரண்டும் ஒருவரே என்று தெரிந்தாலும் திருத்தப் போகாதீர்கள். அந்தந்தக் கட்டுரை, மருத்துவக் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெடில் எப்படிப் பதிவாகியிருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். இல்லையென்றால் படிப்பவர் தேடும்போது கட்டுரை சிக்காது.

படி 3: சோடெரோவில் சேருங்கள்

கையால் எண் போடலாம்தான். மூன்றாவது பத்தியில் புதிதாக ஒரு ரெஃபரன்ஸ் சேர்த்தால் அதற்குப் பிந்தைய எல்லா எண்ணையும் மாற்ற வேண்டிவரும் என்பதுதான் தொல்லை. ரெஃபரன்ஸ்களைச் சேமித்து எண் போட்டுத் தரும் மென்பொருளான சோடெரோ இலவசம். வேர்டுக்கான இணைப்பும் அதனுடனே வரும்.

கட்டுரையின் டிஓஐ (ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிலையான இணைய அடையாள எண்) அல்லது பப்மெட் எண்ணைச் சோடெரோவில் மந்திரக்கோல் படமுள்ள பொத்தானில் ஒட்டினால் விவரங்கள் தாமாக இறங்கும். கூகுள் ஸ்காலரிலிருந்து எடுத்தால் வெளியீட்டு எண்ணோ பக்கமோ விடுபட்டிருப்பது சகஜம். எப்படி எடுத்தாலும் ஒவ்வொன்றையும் கட்டுரையின் முதல் பக்கத்தோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். 30 ரெஃபரன்ஸுக்கு ஒரு மணி நேரம் போகும், போகட்டும்.

அடிக்கடி காணும் கூத்து ஒன்று. உலக சுகாதார அமைப்பின் அறிக்கையைச் சேர்த்தால், பட்டியலில் 'ஆர்கனைசேஷன் டபிள்யூஎச்' என்று ஒரு மனிதர் தோன்றுவார். நிறுவனப் பெயரை முதல் பெயர், கடைசிப் பெயர் என்று மென்பொருள் பிரித்துக்கொண்டதால் வரும் வினை. ஆசிரியர் கட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு பொத்தானை அழுத்தி ஒற்றைப் புலமாக மாற்றினால் சரியாகும்.

படி 4: கட்டுரைக்குள் எண் போடுங்கள்

முதலில் எந்த வரிசையில் குறிப்பிடுகிறீர்களோ அதுதான் எண். ஒரு கட்டுரை 4 ஆகிவிட்டால், அடுத்து எத்தனை இடத்தில் வந்தாலும் 4தான். பலவற்றைச் சேர்த்துச் சொன்னால் 3,5-7 என்று இடைவெளியின்றி எழுதுங்கள். ஆய்வுச் சுருக்கத்தில் ரெஃபரன்ஸ் போடுவதில்லை.

எண் மேலெழுத்தாக வரும் இதழ்களில் ஒரு பொறி இருக்கிறது. '12 செ.மீ' என்ற அளவையடுத்து 3 என்ற மேலெழுத்து வந்தால் கன சென்டிமீட்டர் என்று படிக்கப்படும். வாக்கியத்தை மாற்றி எண்ணை வேறு சொல்லின் பின்னால் தள்ளுங்கள்.

அட்டவணைதான் பெரும்பாலோர் சறுக்கும் இடம். அட்டவணைக்குள் மட்டுமே வரும் ரெஃபரன்ஸுகளுக்கு, 'அட்டவணை 1' என்று கட்டுரையில் முதலில் சொல்லும் இடத்தை வைத்து எண் தர வேண்டும். உதாரணமாக, அந்த வரிக்கு முன் 8 வரை போயிருந்தால் அட்டவணையின் புதிய ரெஃபரன்ஸ் 9இல் தொடங்கும். இதழ்களோ அட்டவணைகளைக் கோப்பின் கடைசியில் வைக்கச் சொல்லும். சோடெரோ கோப்பின் வரிசையை மட்டுமே பார்ப்பதால், அங்குள்ளவற்றுக்குக் கடைசி எண்களைக் கொடுத்துவிடும். எழுதும்போது அட்டவணையை அது முதலில் குறிப்பிடப்படும் பத்திக்குக் கீழேயே வையுங்கள். எண்கள் இறுதியான பிறகு, படி 5இல் செய்யும் நகலில் அதைக் கடைசிக்கு நகர்த்துங்கள்.

படி 5: அனுப்பும் முன்

கோப்பை நகலெடுத்து, நகலில் மட்டும் சோடெரோவின் 'அன்லிங்க் சைட்டேஷன்ஸ்' கொடுங்கள். ரெஃபரன்ஸுகள் சாதாரண எழுத்தாகிவிடும். அதன்பின் எண்கள் தாமாக மாறாது. மூலக் கோப்பை அழித்துவிட்டால், மதிப்பாய்வாளர் இரண்டு ரெஃபரன்ஸ் சேர்க்கச் சொல்லும் நாளில் எல்லாவற்றையும் கையால் மாற்ற வேண்டியதுதான்.

ஒவ்வொரு கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டதா என்று பப்மெடில் பாருங்கள். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட 1998ஆம் ஆண்டு லான்செட் கட்டுரையை இதழ் 2010இல் திரும்பப் பெற்றது. அதற்குப் பிறகும் அது நல்ல கட்டுரைபோல மேற்கோளாகிக்கொண்டிருந்தது. திரும்பப் பெற்ற செய்தியைப் பேசத்தான் அப்படியொன்றைக் குறிப்பிடுகிறீர்கள் என்றால், அதையும் ரெஃபரன்ஸில் சொல்லிவிடுங்கள்.

சாட்பாட்டிடம் ரெஃபரன்ஸ் கேட்டு ஒட்டியிருந்தால் இருமடங்கு எச்சரிக்கை தேவை. உண்மையான இதழ், நம்பத்தக்க ஆசிரியர், பொருத்தமான தலைப்பு என்று எல்லாம் இருக்கும். கட்டுரை மட்டும் உலகத்தில் இருக்காது. டிஓஐயைத் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால், அல்லது வேறு கட்டுரைக்குப் போனால், பப்மெடின் சிங்கிள் சைட்டேஷன் மேட்சரில் இதழ், ஆண்டு, தொகுதி, முதல் பக்கம் கொடுத்துத் தேடுங்கள். அங்கும் இல்லையென்றால் அதை நீக்கிவிட்டு, அந்த வாக்கியத்துக்கு உண்மையில் ஆதாரம் இருக்கிறதா என்று முதலிலிருந்து தேடுங்கள்.