விட்ட நாளுக்கு வட்டி கட்டாதீர்கள்: புதுப் பழக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஒரு பழக்கத்தைத் தொடங்குகிறவர்களைக் கவனித்தால், முன்னால் போனவர்கள் விழுந்த அதே பள்ளத்தில்தான் ஒவ்வொருவரும் விழுகிறார்கள். அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்குவது, வேலை நடுவே போனை நோண்டுவது எல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தவறு என்றே தெரியாமல் செய்கிறவற்றை மட்டும் பார்ப்போம்.

"காலையில் செய்வேன்"

காலை என்றால் எப்போது? தினமும் நடக்கிற ஒரு செயலின் வாலில் புதியதைக் கட்டிவிட வேண்டும். 'சாப்பிட்ட பிறகு நடப்பேன்' என்பதுகூடப் போதாது. சாப்பிட்ட பிறகு உட்காரலாம், பேசலாம், படுக்கலாம். 'தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும் செருப்பை மாட்டுவேன்' என்றால் நழுவ இடமில்லை. முந்தைய செயல் முடிகிற இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஒரே நாளில் நான்கு பழக்கம்

ஒன்று போதும்.

விட்ட நாளுக்கு வட்டி

இதைத்தான் எத்தனை முறை பார்த்தாலும் பொறுக்க முடிவதில்லை. தினம் 10 பக்கம் படிப்பதாகத் தொடங்கிய ஒருவரின் நோட்டை எடுத்துக்கொள்வோம். ஒன்பது நாள் வரிசையாக டிக். பத்தாம் நாள் காய்ச்சல், கட்டம் காலி. பதினோராம் நாள் கட்டத்தில் '20' என்று எழுதுகிறார். அன்று 12 பக்கம்தான் ஓடுகிறது. மீதி 8 மறுநாள் தலையில் ஏறி '18' ஆகிறது. அன்று புத்தகத்தைத் தொடவே இல்லை. அடுத்த நாள் '28'. அதற்குப் பிறகு நோட்டில் எதுவும் இல்லை.

கோளாறு கணக்கிலேயே இருக்கிறது. அந்த நேரம் வந்ததும் அந்தச் செயல் என்று எத்தனை முறை நடந்தது என்பதுதான் பழக்கத்தைப் படிய வைக்கிறது. ஒரே இரவில் 20 பக்கம் படித்தாலும் அது ஒரு முறைதான். உழைப்பு மட்டும் இரட்டிப்பாகி, புத்தகத்தைப் பார்த்தாலே மனசு பின்வாங்கும்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் தொடர்ந்து கவனித்து, 2010-இல் ஆய்வை அச்சில் வெளியிட்டார்கள். ஒரு முறை தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்று அதில் தெரிந்தது. பாதிக்காத ஒரு நாளை மீட்கப் போய், முழுப் பழக்கத்தையும் தொலைக்கிறார்கள்!

காலிக் கட்டத்தில் ஒரு சாய்கோடு போடுங்கள். மறுநாள் அதே 10 பக்கம், ஒன்றுகூட அதிகம் வேண்டாம். நான்கைந்து நாள் விட்டுப்போயிருந்தால் 3 பக்கத்தில் தொடங்கி, மூன்று நாள் கழித்து 10-க்குத் திரும்பலாம். நேரமில்லாத நாளுக்கென்று ஒரு குறைந்த அளவை, தெம்பாக இருக்கும் நாளிலேயே எழுதி வையுங்கள்: ஒரு பக்கம், அல்லது ஒரு பத்தி. சாய்கோடு அடுத்தடுத்த வாரங்களில் ஒரே கிழமையில் விழுந்தால் உங்கள் மன உறுதியைச் சந்தேகிக்க வேண்டாம். அந்தக் கிழமையில் வேறேதோ வேலை குறுக்கே நிற்கிறது, நேரத்தை மாற்றுங்கள்.

21 நாள் கணக்கு

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று சொல்வார்கள். அதன் தொடக்கம் வேறு. மாறிய முகத்துக்குத் தன் நோயாளிகள் பழகக் குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்று மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதினார். 'குறைந்தது' என்ற சொல் வழியில் உதிர்ந்துவிட்டது. லாலி குழுவின் ஆய்வில் பழக்கம் படிய ஆன நாட்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது 66 நாள். ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 முதல் 254 நாள் வரை போனது; 12 வாரத்தைத் தாண்டியவை கணக்கிட்டுச் சொன்ன மதிப்பீடு. 22-ஆம் நாளும் சிரமமாக இருந்தால் எதுவும் கெட்டுவிடவில்லை. உடற்பயிற்சி என்றால் இன்னும் பொறுமை வேண்டும்.

புதுச் சாமான் வாங்கித் தொடங்குவது

முதல் மாதம் இருப்பதை வைத்து ஓட்டுங்கள்.

கெட்ட பழக்கத்தை வெறுமனே நிறுத்துவது

படுத்ததும் போனைத் தேடும் கைக்கு வேறொன்று கிடைக்க வேண்டும். சார்ஜரை அடுத்த அறைக்கு மாற்றிவிட்டு, தலையணை ஓரம் ஒரு புத்தகத்தை, நேற்று விட்ட பக்கத்தில் திறந்து கவிழ்த்து வையுங்கள். அலாரம் போனில்தான் இருக்கிறதென்றால் முதலில் ஒரு தனிக் கடிகாரம் தேவை. இல்லாவிட்டால் மூன்றாம் இரவே, அலாரத்தைச் சாக்கு வைத்து போன் கட்டிலுக்குத் திரும்பிவிடும்.