அலாஸ்கா கப்பல் பயணத்தில் நல்ல பீர் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சியாட்டிலிலிருந்து புறப்படும் ஏழு நாள் அலாஸ்கா கப்பலில் சென்ற கோடையில் நான்காவது முறையாக ஏறினேன். நுழைவாயிலைத் தாண்டியதும், பயணம் முழுவதும் குடிக்கும் பானங்களுக்கு முன்கூட்டியே காசு வாங்கும் ‘டிரிங்க்ஸ் பேக்கேஜ்’ விற்கப் போட்டிருந்த மேசையின் முன் ஓர் இளம் தம்பதியர் குனிந்து கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார்கள். கணவரின் பனியனில் ஒரு சிறிய ப்ரூவரியின், அதாவது பீர் காய்ச்சும் ஆலையின், பெயர் அச்சிடப்பட்டிருந்தது; சிறு ஆலைகள் தனிச் சுவையோடு காய்ச்சும் கிராஃப்ட் பீரை உண்மையாகவே விரும்புகிறவர் என்பது பார்த்ததும் தெரிந்தது. என் முதல் பயணத்தில் அதே போன்ற ஒரு மேசையில் நானும் கையெழுத்திட்டவன் என்பதால், அன்று மாலை அவரிடம் சொன்னவற்றையே இங்கே எழுதுகிறேன். கப்பல் கிளம்புவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பது போன்ற, எல்லோருக்கும் தெரிந்த செய்திகளை விட்டுவிடுகிறேன்.

முதல் நாளே டிரிங்க்ஸ் பேக்கேஜ் வாங்குவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. அப்போது நான் கட்டிய விலை ஒருவருக்கு நாளொன்றுக்கு 70 டாலர். அதன் மேல் 18 சதவீதம் சேவைக் கட்டணம். ஒரே அறையில் தங்கும் பெரியவர்களில் ஒருவர் வாங்கினால் மற்றவரும் வாங்கியாக வேண்டும் என்ற நிபந்தனை பல கப்பல்களில் உண்டு. என் மனைவி பீரைத் தொடுவதே இல்லை என்றாலும் அவருக்கும் சேர்த்தே கட்டினேன். இருவருக்கும் ஏழு நாளைக்கு 1,156 டாலர் ஆயிற்று. கப்பலில் ஒரு கோப்பை பீர் சேவைக் கட்டணம் உட்பட ஏறக்குறைய பத்தரை டாலர் என்று வைத்துக்கொண்டால், என் பங்கை மட்டும் ஈடுகட்டவே நான் தினமும் எட்டுக் கோப்பை குடித்திருக்க வேண்டும். சுவை பார்த்துக் குடிப்பவர் யாரும் எட்டுக் கோப்பை குடிப்பதில்லை. நான்காவது கோப்பையில் நாக்கு எதையும் பிரித்தறியும் நிலையில் இருக்காது.

பணம் போனதைவிடப் பெரிய இழப்பு அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவில் நேர்ந்தது. 1986இல் தொடங்கப்பட்ட அலாஸ்கன் ப்ரூவிங் கம்பெனி அந்த ஊரில்தான் இருக்கிறது. ஆல்டர் மரப் புகையில் வாட்டிய மால்ட்டை, அதாவது முளைகட்டிய தானியத்தை, கொண்டு அவர்கள் 1988 முதல் காய்ச்சிவரும் ஸ்மோக்டு போர்ட்டர் என்ற கருநிற பீரைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் படித்து ஏங்கியவன் நான். அப்படியிருந்தும், டாக்ஸி நிற்கும் இடம் வரை நடந்துபோன பிறகு, கப்பலில்தான் ஏற்கெனவே காசு கட்டியாயிற்றே, இங்கே எதற்கு இன்னொரு செலவு என்று தோன்றித் திரும்பிவிட்டேன். மேல்தளத்தில் உட்கார்ந்து, நுரை அடங்கிப்போன சாதாரண லாகர் பீரைப் பிளாஸ்டிக் கோப்பையில் வைத்துக்கொண்டு, மேகம் தவழும் மவுண்ட் ராபர்ட்ஸைப் பார்த்தபடி அந்தப் பிற்பகலைக் கழித்தேன். பேக்கேஜ் செய்யும் கெடுதல் இதுதான்: கட்டிய பணத்தை மீட்க வேண்டும் என்ற எண்ணம், எந்த ஊருக்காகப் புறப்பட்டோமோ அந்த ஊரில் இறங்கவிடாமல் நம்மைக் கப்பலோடு கட்டிப்போட்டுவிடுகிறது.

இந்த வழித்தடத்தில் ஏழு நாட்களில் நான்கு நாட்கள் கரையில் கழியும் என்பதையும், பேக்கேஜில் ஒரு கோப்பைக்கு விலை வரம்பு இருக்கக்கூடும் என்பதையும் கையெழுத்திடும் முன் கணக்கில் கொள்ளுங்கள். நான் இப்போதெல்லாம் குடிக்கும் கோப்பைக்கு மட்டுமே காசு கொடுக்கிறேன். மொத்தச் செலவு அந்தத் தொகையில் கால் பங்கைக்கூடத் தொட்டதில்லை.

கேனின் அடியைப் பார்க்காமல் ஆர்டர் கொடுப்பது

கப்பல் பாரில் கிராஃப்ட் பீர் என்று எழுதியிருந்தால் போதாது. ஐபிஏ என்ற கசப்பு பீர் வகைக்கு மணம் தருவது ஹாப்ஸ் என்ற பூ; அந்த மணம் சில மாதங்களிலேயே மங்கிவிடும். வெப்பத்தில் கிடந்த சரக்கு என்றால் இன்னும் விரைவாகக் கெட்டு, நனைந்த அட்டையின் வாடை அடிக்கும். கேனைத் திறக்கும் முன் வாங்கிக் கவிழ்த்து, அடியில் பொறித்த தேதியைக் கைபேசி வெளிச்சத்தில் படித்துவிடுங்கள். பழையதாக இருந்தால் ஸ்டவுட், போர்ட்டர் போன்ற கருநிற வகைக்கு மாறுவது நல்லது. அவை காலத்தை ஓரளவு தாங்கும்.

ஜூனோவில் ஆம்பர் மட்டும் குடித்துவிட்டு வருவது

அலாஸ்கன் ப்ரூவிங்கின் வழக்கமான பீரான அலாஸ்கன் ஆம்பர் சியாட்டில் மளிகைக் கடையிலேயே கிடைக்கும். ப்ரூவரி நகர மையத்திலிருந்து ஏறக்குறைய 8 கிலோமீட்டர் தள்ளி லெமன் க்ரீக் பகுதியில் இருக்கிறது; அவ்வளவு தூரம் போனவர்கள், சிறு அளவில் சோதனையாகக் காய்ச்சி அங்கேயே ஊற்றித் தருவதைத்தான் கேட்க வேண்டும். அலாஸ்காவின் ப்ரூவரிகளில் ஒருவருக்கு ஒரு நாளில் 36 அவுன்ஸுக்கு, அதாவது ஒரு லிட்டருக்குச் சற்றே கூடுதலான அளவுக்கு, மேல் ஊற்றச் சட்டம் இடம் தராது. ஆகவே முதலிலேயே இரண்டு முழுக் கோப்பைகளை வாங்கி அந்த அளவைத் தீர்த்துவிடாமல், சிறு கோப்பைகளாக நான்கைந்து வகைகளைக் கேளுங்கள்.

பாஸ்போர்ட்டை அறையில் விட்டுச் செல்வது

கப்பலில் பயணிகளுக்குத் தரும் அட்டையை எந்த ப்ரூவரியும் வயதுச் சான்றாக ஏற்பதில்லை.

கேன்களை வாங்கிக் கப்பலுக்குக் கொண்டுவருவது

பெரும்பாலும் நுழைவாயிலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, பயணத்தின் முடிவில்தான் திருப்பித் தருவார்கள்.

ஸ்காக்வேயில் தெரிந்த வகையையே கேட்பது

வழியில் கப்பல் நிற்கும் இன்னொரு அலாஸ்கா ஊரான ஸ்காக்வேயில், ஸ்காக்வே ப்ரூவிங் கம்பெனியில் சிட்கா ஸ்ப்ரூஸ் மரத்தின் இளந்தளிரைப் போட்டுக் காய்ச்சும் ப்ளாண்ட் ஏல் என்ற வெளிர்நிற பீர் கிடைக்கிறது. வாயில் வைத்ததும் எலுமிச்சைத் தோலைக் கிள்ளியது போன்ற மணமும், பின்னால் மெல்லிய பிசின் வாசமும் வரும். வீட்டுக்குப் பக்கத்தில் கிடைக்கும் பீரை அந்த ஊரில் உட்கார்ந்து குடிப்பவர்களை ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கிறேன். எனக்கு மனம் பொறுப்பதில்லை.

விக்டோரியாவில் இறங்காமல் இருப்பது

வெளிநாட்டுக் கொடியோடு ஓடும் கப்பல்கள் சியாட்டிலில் பயணிகளை ஏற்றி அங்கேயே கொண்டுவந்து இறக்க வேண்டுமென்றால், இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும் என்பது 1886ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம். அதனால்தான் கனடாவின் விக்டோரியாவில் பெரும்பாலும் கடைசி மாலையில் சில மணி நேரம் நிற்கிறார்கள். பலர் பெட்டி கட்டுவதிலேயே அந்த நேரத்தைப் போக்கிவிடுகிறார்கள். 1984இல் திறக்கப்பட்ட ஸ்பின்னக்கர்ஸ், கனடாவின் மிகப் பழைய ப்ரூபப்களில், அதாவது தானே பீர் காய்ச்சி விற்கும் மதுக்கூடங்களில், ஒன்று. அது உள்துறைமுகத்துக்கு அக்கரையில், தண்ணீரைப் பார்த்தபடி இருக்கிறது. மதியமே பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, கப்பல் நின்றதும் முதல் ஆளாக இறங்கி டாக்ஸி பிடித்துவிடுங்கள். பனியன் அணிந்திருந்த அந்தத் தம்பியை அன்றிரவு அங்கேதான் மறுபடி சந்தித்தேன். பேக்கேஜை ரத்து செய்ய முடியவில்லை என்றார், ஆனால் முன்னால் நான்கு சிறு கோப்பைகள் இருந்தன.