வசந்தத்தில் புல்தரையை வெட்டாமல் விடுவது எப்படி?

குளிர் முடிந்து முதலில் வெளியே வருபவற்றில் பம்பிள்பீ (உருண்டு திரண்ட ஒரு வகைத் தேனீ) ராணிகளும் உண்டு. மாதக்கணக்கில் மண்ணுக்குள் பட்டினி கிடந்தவை அவை. தோட்டத்துச் செடிகள் பலவும் இன்னும் பூக்காத அந்த நாட்களில், புல்லுக்கு நடுவே தானாக முளைத்து மஞ்சளாகப் பூக்கிற டேண்டலியனும் அவற்றுக்குச் சோறு. பிரிட்டனில் காட்டுச் செடிகளைப் பாதுகாக்கும் பிளான்ட்லைஃப் அமைப்பு 2019இல் தொடங்கிய ‘மே மாதம் புல் வெட்ட வேண்டாம்’ இயக்கத்தைப் படித்துத்தான் நானும் ஆரம்பித்தேன்.

1. களைக்கொல்லியையும் உரத்தையும் நிறுத்துங்கள். புல்தரைக் களைக்கொல்லி அகன்ற இலைச் செடிகளைத்தான் கொல்லும், பூக்கிறவையும் அவைதான். உரம் போட்டால் புல் கொழுத்துப் பூச்செடிகளை அமுக்கிவிடும்.

2. ஓரத்தில் மட்டும் புல் வெட்டும் மெஷினின் அகலத்துக்கு வெட்டி வையுங்கள். வேண்டுமென்றே வளர விட்டது என்று பார்ப்பவர்களுக்குப் புரியும்.

3. அப்புறம் சும்மா இருங்கள். வெள்ளை குளோவர் (மூன்று இலைச் சிறு செடி) பூத்ததும் குனிந்து பாருங்கள். கொத்தின் அடியில் சில பூக்கள் பழுப்பாகித் தொங்கும்: தேனீ வந்து போனவை. மேலே வெள்ளையாக நிமிர்ந்திருப்பவை இன்னும் காத்திருக்கின்றன.

4. மறுபடி வெட்டுவது. நான் சறுக்கியது இங்கேதான். முதல் வருடம் ஒரே நாளில் பழைய உயரத்துக்கு இறக்கினேன். மெஷின் அடைத்து நின்றது, தரை மஞ்சளாகக் காய்ந்தது, அத்தனை பூவும் ஒரு மணி நேரத்தில் போயிற்று. ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. 20 செ.மீ. புல்லைச் சுமார் 13 செ.மீ.க்குக் குறைக்க வேண்டும். பெரும்பாலான மெஷின்கள் அந்த உயரத்துக்கு ஏறாது. அதனால் முதல் வெட்டுக்கு நீள்பிடி அரிவாள்தான் என் தேர்வு. நைலான் நரம்பு சுழலும் ட்ரிம்மர் வேண்டாம், உள்ளே இருக்கும் தவளை தப்பிக்க நேரம் கிடைக்காது. ஒரு வாரம் கழித்து மெஷினை உச்ச உயரத்தில் வைத்து ஓட்டலாம். தரையில் இன்று பாதி, பூ குறைந்ததும் மீதி. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வெட்டுங்கள். வெட்டிய புல்லை ஓரிரு நாள் கிடக்கவிட்டு, பிறகு வாரி எடுங்கள். அங்கேயே மக்கினால் அதுவே உரமாகிவிடும்.

பிற்சேர்க்கை: மே முடிந்ததும் வாராவாரம் வெட்டலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 16 வீட்டுப் புல்தரைகளை வைத்துச் செய்து 2018இல் வெளியான ஆய்வில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டிய இடங்களில்தான் தேனீக்கள் அதிகம் இருந்தன.

இன்னொன்று, பூவே வரவில்லை, வெறும் புல்தான் என்றால்? அங்கங்கே மண் தெரியும்படி கீறி, குளோவர் விதையைத் தூவி, காலால் மிதித்துவிடுங்கள். ஆழமாகப் புதைத்தால் முளைக்காது. முளை தெரியும்வரை ஈரம் காயவிடாதீர்கள்.