செல்லப்பிராணி இருக்கும் வீட்டில் எலி விஷம் வேண்டாம்

நாயோ பூனையோ வளர்த்தால் எலி விஷத்தைத் தயவுசெய்து வாங்காதீர்கள். எட்டாத இடத்தில் வைத்தாலும், விஷம் தின்ற எலியை அவை கவ்வித் தின்றால் ஆபத்துதான். புரோமடயோலோன் போன்ற விஷங்கள் ரத்தம் உறைவதைத் தடுப்பவை. அறிகுறி தெரியவே சில நாட்கள் ஆகும். சந்தேகம் வந்தாலே, விஷம் வந்த அட்டைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். இந்த வகை விஷத்துக்கு வைட்டமின் கே1 சிகிச்சை உண்டு.

பசை அட்டையும் வேண்டாம், குட்டிகள் ஒட்டிக்கொள்ளும். எலிக்கூண்டைச் சுவரோரமாக வையுங்கள், எலி சுவரை ஒட்டித்தான் ஓடும். இரவில் செல்லங்களின் தட்டில் மிச்சம் விடாதீர்கள். அப்புறம், குழாய் நுழையும் ஓட்டைகளில் இரும்பு நாரைத் திணித்து சிமென்ட் பூசுங்கள். பென்சில் நுழையும் சந்து போதும், சுண்டெலி உள்ளே வந்துவிடும்.