லிதுவேனியாவில் இறந்தோர் நினைவு: பூவை எண்ணி வாங்குங்கள்

லிதுவேனியர் ஒருவர் வீட்டு விருந்துக்குப் போகும்போது பத்துப் பூ கொண்ட கொத்தை நீட்டிவிடாதீர்கள். அங்கே இரட்டைப்படைப் பூக்கள் இறந்தவர்களுக்கு உரியவை. உயிரோடு இருப்பவருக்கு மூன்று, ஐந்து, ஏழு. கல்லறைக்கு இரண்டு, நான்கு, ஆறு. எண்ணிக்கை மாறினால் பூவைப் பெறுபவரின் மனம் சுருக்கென்று ஆகிவிடும். தொட்டியோடு வைக்கும் சாமந்திக்கு இந்தக் கணக்கு வேண்டாம்.

நவம்பர் 2 அன்று வரும் இறந்தோர் நாளை 'வேலினேஸ்' என்பார்கள். ஹாலோவீனை ஒட்டி வருவதால் இதையும் பேய் வேடிக்கை என்று நினைப்பதுதான் பெரிய தவறு. 'வேலேஸ்' என்றால் இறந்தவர்களின் ஆன்மாக்கள். பயமுறுத்த வரும் பேய்கள் அல்ல, வீட்டு மனிதர்கள். அதனால் வாழ்த்துச் சொல்லக் கூடாது. அன்று கல்லறைக்குப் போகும் குடும்பத்தாரோடு சும்மா கூட நடந்தாலே போதும்.

கல்லறையில் வைக்கும் மெழுகுவர்த்தியைத் திறந்தபடி ஏற்றினால் நவம்பர் மழையிலும் காற்றிலும் நிற்காது. மூடி போட்ட கண்ணாடிக் குடுவையில் வருவதை வாங்குங்கள். காய்ந்த சருகுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சில கல்லறைகளைச் சுற்றி மணலை வாரி, சீப்பு இழுத்த மாதிரி கோடு போட்டிருப்பார்கள். அதன் மேல் கால் வைக்க வேண்டாம். 'எனக்கு இங்கே யாருமில்லையே' என்றும் ஒதுங்க வேண்டாம். யாரும் வராத கல்லறைக்கும் ஒரு விளக்கு வைப்பது அங்கே வழக்கம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

தலைநகர் வில்னியஸின் ரசோஸ் கல்லறைத் தோட்டத்தில் அன்றிரவு மேடெல்லாம் விளக்காக இருக்கும். அழகுதான், ஆனால் அழுதுகொண்டு நிற்பவர் முகத்துக்கு நேரே கேமராவைத் தூக்காதீர்கள். சோவியத் ஆட்சியில், 1956 வேலினேஸ் அன்று, இங்கே கூடிய மக்கள் விடுதலைக் கோரிக்கையோடு ஊர்வலம் போனார்கள். 1918 விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட யோனஸ் பசனாவிச்சியஸின் கல்லறையும் இங்கேதான் இருக்கிறது.

அப்புறம், நினைவு நவம்பரோடு முடிந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். டிசம்பர் 24 இரவு 'கூச்சியோஸ்' விருந்து: இறைச்சி இல்லாத பன்னிரண்டு பதார்த்தங்கள். அந்த ஆண்டு வீட்டில் யாராவது இறந்திருந்தால் அவருக்கென்று ஒரு வெறும் தட்டும் மெழுகுவர்த்தியும் இருக்கும். இடம் காலியாக இருக்கிறதே என்று அங்கே போய் உட்கார்ந்துவிடாதீர்கள். சாப்பிட்டு முடிந்ததும் உதவி செய்கிறேன் என்று மேசையைத் துடைக்கவும் கிளம்பாதீர்கள். இரவில் வேலேஸ் வந்து சாப்பிடட்டும் என்று பல வீடுகளில் மிச்சத்தை விடியும்வரை அப்படியே விட்டுவைப்பார்கள்.