ஷாட்கன் கிளீனிங்: சோக்க மட்டும் கழட்டாம விட்டுடாதீங்க

போன சீசன் முடிஞ்சு என்னோட ஓவர் அண்டர் ஷாட்கன்ன (ரெண்டு பேரல் ஒண்ணு மேல ஒண்ணா இருக்கறது) பிரிச்சு வச்சுட்டு சோக்க, அதாவது ரவை எவ்வளவு பரவணும்னு தீர்மானிக்க பேரல் வாய்ல மாட்டுற சின்ன குழாய, கழட்டலாம்னு ரெஞ்ச போட்டேன். மேல் பேரல் சோக் சுத்துனதும் வந்துருச்சு, கீழ் பேரல் சோக் அசையவே இல்ல. மூணு நாள் மல்லுக்கட்டி தான் வெளிய எடுத்தேன். அந்த மூணு நாள்ல கத்துக்கிட்டதையும் சேர்த்து, சுட்டு முடிச்ச அன்னிக்கு நான் என்னென்ன செய்றேன்னு வரிசையா எழுதுறேன், புதுசா லைசென்ஸ் எடுத்து க்ளே ஷூட்டிங் (பறக்க விடுற தட்டுகள சுடுறது) ஆரம்பிச்சவங்களுக்கு உதவும்.

1. காலியா இருக்கான்னு பாருங்க

சேம்பர (பேரல்ல தோட்டா உக்கார்ற இடம்) கண்ணால பாருங்க, அப்புறம் சுண்டு விரல விட்டும் தடவிப் பாருங்க. பம்ப், செமி ஆட்டோன்னா மேகசின் ட்யூபுக்குள்ளயும் (மிச்ச தோட்டா வரிசையா நிக்கிற குழாய்) பாக்கணும். தோட்டா ஒண்ணு கூட அந்த ரூம்ல இருக்கக் கூடாது, இதுல நான் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

2. பிரிக்கிறது

ஃபோர்எண்ட் (முன்கை பிடிக்கிற கட்டை), பேரல், ஸ்டாக் (தோள்ல வைக்கிற கட்டை) பக்கம்னு மூணா வரும், எப்படி கழட்டுறதுன்னு உங்க மேனுவல்லயே இருக்கும். ட்ரிக்கர் பக்கத்து ஸ்குரூவுல மட்டும் கை வைக்காதீங்க, அது கன்ஸ்மித் (துப்பாக்கி ரிப்பேர் பாக்குறவர்) வேலை.

3. பேரல் உள்பக்கம்

சோக்க இப்ப கழட்ட வேண்டாம், மாட்டுனபடியே இருக்கட்டும், இல்லன்னா கிளீனிங் ராடு தள்ளிட்டு வர்ற அழுக்கெல்லாம் மரைக்குள்ள போய் உக்காந்துக்கும். சால்வென்ட்ல (அழுக்க கரைக்கிற திரவம்) நனைச்ச துணிய சேம்பர் பக்கத்துல இருந்து ஒரு தடவ தள்ளி விட்டுட்டு 10 நிமிஷம் ஊற விடுங்க. அப்புறம் வெண்கல பிரஷ், அதையும் சேம்பர் பக்கத்துல இருந்து தான் விடணும், வாய் வழியா முழுசா வெளிய வந்தப்புறம் தான் திருப்பி இழுக்கணும், நடுவுல நிறுத்தி பின்னாடி இழுத்தா பிரஷ் முடி மடங்கி வீணாயிடும்.

துடைச்சுட்டு வெளிச்சத்துக்கு நேரா புடிச்சுப் பாருங்க. சேம்பர் முடிஞ்சு பேரல் கொஞ்சம் கொஞ்சமா குறுகுற இடம் இருக்கு பாருங்க, அங்கயும் சோக் பக்கத்துலயும் சாம்பல் கலர்ல கோடு கோடா தெரியும். தோட்டாவுக்குள்ள ரவைய சுமந்துட்டுப் போற பிளாஸ்டிக் கப்பு இருக்குல்ல, வாட்னு சொல்வாங்க, அது உரசி விட்டுட்டுப் போனது தான் அது. கரி சீக்கிரம் வந்துரும், இது வராது. இன்னொரு தடவ சால்வென்ட் விட்டு ஊற வச்சு பிரஷ் போட்டா தான் விடும்.

போர் ஸ்நேக் (பேரலுக்குள்ள இழுத்து துடைக்கிற கயிறு) போதாதான்னு கேப்பாங்க. ரேஞ்ச்லயே ஒரு இழுப்பு இழுக்க அது நல்லது தான், ஆனா வீட்டுக்கு வந்தா எனக்கு ராடு தான். ராடுல கை அழுத்தம் தெரியும், எந்த இடத்துல பிசுக்கு இருக்குன்னு கையிலயே உணரலாம்.

கையுறை போட்டுக்கோங்க, முடிஞ்சதும் சோப்பு போட்டு கை கழுவுங்க. அந்த அழுக்குல ஈயம் இருக்கு.

4. சோக்

என்ன மாட்டி விட்டது இந்த இடம் தான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

சோக்குங்கிறது பேரல் வாய்ல மரையில ஏறி உக்கார்ற ஒரு சின்ன குழாய். ஒவ்வொரு வெடிக்கும் சூடான கரியும் வாட் பிளாஸ்டிக்கும் அதோட இடுக்குல போய்க்கிட்டே இருக்கும். என் துப்பாக்கியில முதல் சுடு எப்பவும் கீழ் பேரல் தான், முதல் சுடுலயே தட்டு உடைஞ்சுட்டா மேல் பேரலுக்கு வேலையே இல்ல, அதனால கீழ்ப்பக்கம் தான் அதிக கரி. அதோட மழையில சுட்ட ஒரு நாள் ஈரம் உள்ள போய் துருவும் சேர்ந்துக்கிச்சு. ஒரு சீசன் முழுக்க கழட்டாம, கிரீஸும் போடாம விட்டா அது இறுகாம என்ன பண்ணும்.

இறுகிப் போச்சுன்னா முதல்ல என்ன பண்ணக் கூடாதுன்னு சொல்லிடுறேன். கட்டிங் பிளேயர் போடாதீங்க. பேரல் வாய வைஸ்ல வச்சு இறுக்காதீங்க, அந்த இடத்துல இரும்பு ரொம்ப மெல்லிசு, லேசா நசுங்கி முட்டை வடிவம் ஆனா கூட சோக் இன்னும் கெட்டியா பிடிச்சுக்கும், பேரலும் போச்சு. தீய காட்டவே காட்டாதீங்க.

நான் பண்ணது இது. பேரல வாய் கீழ பாக்குற மாதிரி நிக்க வச்சு, ஒரு சின்ன டப்பாவுல துரு இளக்குற ஆயில ஊத்தி, சோக் முங்குற அளவுக்கு ராத்திரி முழுக்க ஊறப் போட்டேன். காலைல அந்த சோக்குக்குன்னே வந்த ரெஞ்ச நல்லா அடி வரைக்கும் உக்கார வச்சு, கழட்டுற பக்கம் ஒரு மயிரிழை, இறுக்குற பக்கம் ஒரு மயிரிழைன்னு மாத்தி மாத்தி அசைச்சேன். வரல. மறுபடி ஊறல். மூணாவது நாள் பேரல் வாய வெந்நீர்ல 5 நிமிஷம் முக்கி எடுத்து ரெஞ்ச போட்டேன், "டிக்"னு ஒரு சத்தம், கால் சுத்து நகந்துச்சு. வெளிய வந்த சோக்கோட மரைப்பள்ளம் முழுக்க கறுப்பா தார் மாதிரி அப்பி இருந்துச்சு. இவ்வளவுக்கும் வரலன்னா கன்ஸ்மித் கிட்ட குடுத்துடுங்க, பலத்த காட்டாதீங்க.

இப்பல்லாம் சுட்டு வந்த அன்னிக்கே கழட்டிடுறேன். சோக் மரைய பழைய டூத் பிரஷ்ல தேச்சு, பேரல் பக்கத்து மரையையும் துடைச்சு, சோக் கிரீஸ் லேசா தடவி, ரெஞ்ச் இல்லாம விரலால மட்டும் சுத்தி ஏத்துறேன். விரலுக்கு வழுக்கிட்டு போகலன்னா மரை மாறி ஏறுதுன்னு அர்த்தம், உடனே நிறுத்தி திருப்பி எடுங்க. கடைசியா தான் ரெஞ்ச், அதுவும் லேசா ஒரு பிடி.

5. ஆயில், கிரீஸ்

ஆயில் கம்மியா போடுங்க. நிறைய போட்டா மெதுவா வழிஞ்சு ஸ்டாக் தலைப்புல இறங்கி கட்டை ஊறி மெத்துனு ஆயிடும். எனக்கு பாலிஸ்டால்ங்கிற ஆயில் பிடிக்கும், கட்டைல பட்டாலும் கெடுக்காது. டபிள்யூடி 40 தண்ணிய விரட்டத் தான் நல்லது, மழையில நனைஞ்ச அன்னிக்கு அடிச்சு துடைச்சுட்டு அதுக்கு மேல வேற ஆயில் போடுங்க. ஓவர் அண்டர்ல பேரல் மடங்குற இடத்துக்கு மட்டும் தீக்குச்சி தலை அளவு கிரீஸ். கடைசியா வெளிப்பக்கம் முழுக்க ஆயில் துணியால ஒரு துடைப்பு, விரல் ரேகை பட்ட இடத்துல தான் முதல் துரு புடிக்கும்.

6. வைக்கிறது

ஸ்பாஞ்சு வச்ச உறைக்குள்ள போட்டு வைக்காதீங்க, ஈரத்த புடிச்சு வச்சுக்கும். பூட்டுற கேபினெட்ல, முடிஞ்சா வாய் கீழ பாக்குற மாதிரி வைங்க, ஆயில் கட்டைப் பக்கம் இறங்காது. தோட்டாவ வேற இடத்துல பூட்டுங்க.

சேர்த்தது: செமி ஆட்டோவுக்கும் இதே தானான்னு ரெண்டு பேரு கேட்டிருந்தாங்க. கேஸ்ல (வெடிக்கும்போது வர்ற வாயு) ஓடுற மாடல்னா பிஸ்டனையும் கேஸ் ஓட்டையையும் கரி இல்லாம எடுக்கணும், அங்க சொதசொதன்னு ஆயில் விட்டா கரி இன்னும் ஒட்டும்.

இன்னொன்னு: ஒருத்தர் 12 கேஜ், 20 கேஜ் (கேஜ்ங்கிறது பேரல் உள் அளவு) ரெண்டு துப்பாக்கியும் வச்சிருக்காராம், தோட்டாவ ஒரே பையில போடுறாராம். தயவு செஞ்சு வேண்டாம். ஒரு பவுண்டு ஈயத்த 12 சம உருண்டையா பண்ணா ஒரு உருண்டையோட விட்டம் தான் 12 கேஜ், கிட்டத்தட்ட 18.5 மில்லிமீட்டர். 20 கேஜ்னா 15.6 தான். அந்த சின்ன தோட்டா 12 கேஜ் சேம்பர தாண்டி உள்ள போய் மாட்டிக்கும், பின்னாடி காலியா தெரியும், அடுத்து 12 போட்டு சுட்டா பேரல் வெடிச்சுரும். 20 கேஜ் தோட்டா மஞ்சளா வர்றதே இதுக்குத் தான்.

அடுத்த தடவ சுடப் போறதுக்கு முன்னாடி காஞ்ச துணி ஒண்ண பேரல்ல விட்டு ஆயில எடுத்துட்டு, உள்ள அடைப்பு ஒண்ணும் இல்லன்னு பாத்துக்கோங்க. 25 தட்டு முடிஞ்சதும் துப்பாக்கிய காலி பண்ணி, திறந்து வச்சு, சோக்க விரலால தொட்டு இறுக்கமா இருக்கான்னு பாருங்க. சோக் இல்லாம மட்டும் சுட்டுடாதீங்க, பேரல் மரை நாசமாயிடும்.